புஷ்பா பேபி கேஸ்

ஆதனக்கோட்டை,
19-2-2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள புது மாப்பிள்ளைக்கு,

உங்கள் பழைய மனைவி அடைக்கலமேரி எழுதுவது. நானும் பிரின்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஏங்க, பேரன் எடுக்கிற வயதில் உங்களுக்கு இது தேவையா? போன வியாழக்கிழமை ரோட்டோரக் கொட்டகையில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். புகை கண்ணை மறைக்கிறது, போன் அடிக்கிறது, நம்பரைப் பார்த்தால் எந்த நாடு என்றே தெரியவில்லை. எடுத்தால் ஒரு மலையாளத்து சிஸ்டர். "சந்தனசாமி வீட்டம்மாவா? பயப்படாதீங்க. நான் இவிட ஜெயில்ல ஜெபம் சொல்லப் போற சிஸ்டர். உங்க ஹஸ்பண்ட் உள்ள இருக்கு. புஷ்பேபி கேஸ்" என்றார். ஜெயில் என்ற சொல் எனக்குப் பாதிதான் ஏறியது. "புஷ்பா பேபியா? யாருங்க அவ?" என்று கத்திவிட்டேன். லைன் போய்விட்டது.

கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஒரு சட்டி முந்திரி கருகியது. சாயங்கால பஸ் புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் புஷ்பா பேபிக்குச் சொந்த ஊர் கோட்டயம், வேலை நர்ஸ், நிறம் சிவப்பு என்று ஆளாளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார்கள். என் பக்கத்துச் சட்டிக்காரி மணிமேகலை மட்டும், "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சிக்குக் கோட்டயத்துலருந்து ஒருத்தி வருவாளா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாளா, உங்களை அவமானப்படுத்தினாளா தெரியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரிக்குள் ஆவூரிலிருந்து தம்பி பைக்கில் வந்துவிட்டான். உங்களை அந்த ஊர் முந்திரிக் குடோன் வேலைக்கு அனுப்பியவன் அவன்தானே, அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? "டேய், யாருடா இந்தப் புஷ்பா பேபி?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம், "அக்கா, மனச தேத்திக்க. ஆம்பளைக தனியா கெடந்தா அப்படித்தான். இத நான் எப்படி ஒங்கிட்ட சொல்லுவேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது. அவனுக்கு நான் ஆறுதல் சொல்லி, தோசை சுட்டுப் போட்டு அனுப்பினேன்.

பிறகு சிஸ்டரே வாட்சப்பில், எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் உங்களிடம் கொடுப்பதாகச் சொன்னார். உள்ளே போன் கொடுக்க மாட்டார்களாம். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். பிரின்சி பிழை திருத்துகிறேன் என்று பேனாவைப் பிடுங்கினாள். "போடி, ஒங்க அப்பாவுக்கு என் பிழையெல்லாம் பழக்கம்தான்" என்று விரட்டிவிட்டேன்.

அடிக்கிறார்களா? சோறு போடுகிறார்களா? இரண்டுக்கும் முதலில் பதில் எழுதுங்கள். அவளைப் பற்றி மூன்றாவதாக எழுதினால் போதும். எனக்குச் சோறு இறங்கி ஒரு வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
உங்கள் முதல் மனைவி
அடைக்கலமேரி

('முதல்' என்பதை அடிக்க வேண்டுமா என்று தெரிவிக்கவும்.)


டாரஸ்ஸலாம்,
தான்சானியா,
4-3-2025

அன்புள்ள மேரிக்கு,

அடித்துவிடு. அழுத்தி அடி.

யாரும் என்னை அடிக்கவில்லை. சோளமாவுக் களியும் அவரையும் தருகிறார்கள். உன் களி மாதிரிதான், திட்டு இல்லாமல் தருவதால் சீக்கிரம் செரிக்கிறது. பாய் உண்டு, கொசு அதைவிட உண்டு.

இப்போது உன் சக்களத்தி விஷயம். அவள் பொம்பளை இல்லை. புஷ் பேபி என்பது ஒரு பிராணி. புஷ் என்றால் புதராம். நம் பக்கத்துத் தேவாங்கு தெரியுமல்லவா, கல்யாணமான புதிதில் நீ எனக்கு வைத்த பேர், அதற்கு இது பங்காளி முறை. அதே முழிக் கண். ஆனால் நம் தேவாங்கு மெதுவாக நடக்கும், இது வெட்டுக்கிளி மாதிரி மரத்துக்கு மரம் தாவும். பகலெல்லாம் தூக்கம். கத்தினால் பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரியே இருக்கும்.

நான் ஊருக்குக் கிளம்புகிற வாரம், நம் பிரின்சிக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அவர் போன் செய்தார். பேரை எழுதவில்லை. இங்கே கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். தமிழ் யாருக்கும் தெரியாது, ஆனாலும் பேர் பேர்தானே. "மச்சான், கெளம்புறப்ப குடோனுக்கு ஒரு பை வரும். புஷ் பேபின்னு சொல்லுவான். பொம்மதான். கொண்டாந்துருங்க, திருச்சி ஏர்போர்ட்டுல நம்ம ஆளு வாங்கிக்கிருவான்" என்றார். பேபி என்றதும் நான் பொம்மை என்றே நம்பினேன். பிரின்சிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். இருபது வயதுப் பெண்ணுக்குப் பொம்மையா என்று நீ கத்துவாய் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது பை அழுதது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓரமாக உட்கார்ந்து திறந்தேன். மேரி, உள்ளே முழுக்கக் காலுறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிராணி. தலை மட்டும் வெளியே, வாயைச் சுற்றி நூல். அத்தனை கண்ணும் என்னைப் பார்த்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். "அதையெல்லாம் ஏன் தொறக்குறீங்க? மூடிட்டு பிளைட்டப் புடிங்க மச்சான்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

இரண்டு மூன்று ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தன. எனக்கு மூடத் தெரியவில்லை. நூலை அவிழ்த்து, வாழைப்பழம் வாங்கிப் பிசைந்து விரலால் ஊட்டினேன். ஒன்று என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நக்கியது. பிள்ளை கையேதான். கூட்டம் கூடியது, காவலர் வந்தார். உயிருள்ள எதையும் இப்படிக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமாம். பெரிய குற்றமாம், வருஷக்கணக்கில் உள்ளே போடுவார்களாம்.

யார் கொடுத்தது, யாருக்குக் கொண்டுபோனாய் என்று கேட்கிறார்கள். சொன்னால் தண்டனை வெகுவாகக் குறையும் என்கிறார் கோர்ட்டு கொடுத்த வக்கீல். தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பிறந்த வீட்டைப் பற்றி நான் என்றைக்கு வாய் திறந்தேன்? நீ சொல்லு புள்ள. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்
சந்தனசாமி


ஆதனக்கோட்டை,
13-3-2025

என் தேவாங்குக்கு,

அடித்துவிட்டேன். தாள் கிழிந்து பின்பக்கம் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், நடுவில் கொட்டகைக்கு ஓடிப்போய், "ஏய், புஷ்பா பேபின்னா தேவாங்காம்டி" என்று எல்லோருக்கும் சொன்னேன். "அப்ப ஒங்க சக்களத்திக்கு வால் இருக்குமாக்கா?" என்கிறாள் மணிமேகலை. இருக்கும்டி, உனக்கு நாக்கு இருக்கிற நீளத்துக்கு இருக்கும் என்றேன்.

சிரிப்பெல்லாம் கொட்டகையோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தம்பி விரால் மீனோடு வந்தான். நான் மீனை வாங்கவில்லை. வாசலிலேயே நிறுத்தினேன்.

"புஷ்பா பேபி எப்படிடா இருப்பா? செவப்பா?"

"அக்கா, எதுக்கு அந்தப் பேச்சு இப்ப?"

"வால் இருக்குமா அவளுக்கு?"

மீனைக் கீழே போட்டுவிட்டான். அப்படியே என் காலைக் கட்டிக்கொண்டான். "எனக்கு வேற வழி தெரியலக்கா. நீ புஷ்பா பேபின்னு கேட்ட, நான் ஆமான்னுட்டேன். மச்சான் வாயத் தொறந்தா என்னய இங்கிட்டே தூக்கிருவாங்க. எம் பிள்ளைக ரெண்டும் தெருவுல நிக்கும். நான் அங்கிட்டு நல்ல வக்கீலா வைக்கிறேன். மழைக்கு முன்னாடி மச்சான் வீட்டுல இருப்பாரு. மாதா மேல சத்தியம்."

நான் ஓங்கி அறைந்தேன். அறைந்த கையை நானே பிடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாததா? அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டது அவனை இடுப்பில் தூக்கத்தான். டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டபோது, அவன் என் தாலிக்கயிறு மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் செய்தது அக்கிரமம்தான். உங்களை மாட்டிவிட்டு, என்னிடம் வந்து உங்களைப் பொம்பளைப் பொறுக்கி ஆக்கியது அதைவிட அக்கிரமம். ஆனால் நானே என் கையால் அவனை உள்ளே தள்ளுவதா? அப்படி நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.

ஏங்க, சொல்லாதீங்க. வக்கீல் வரும்வரைக்கும் சொல்லாதீங்க. நான் கேட்கிற இந்த உதவி எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். உங்களைச் சோளக்களியில் விட்டுவிட்டு விரால் மீன் கொண்டுவந்தவனுக்காகக் கெஞ்சுகிறேன்.

மீனைப் பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுபோய்விட்டது. நாங்கள் சாப்பிடவில்லை.

உங்கள் ஒரே மனைவி
மேரி


டாரஸ்ஸலாம்,
1-4-2025

அன்புள்ள ஒரே மனைவிக்கு,

சரி. சொல்லவில்லை. நீ கெஞ்சுகிற எழுத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அதிகாரம் செய்கிற எழுத்தே உனக்கு அழகாக வரும்.

இங்கே காட்டு இலாகாவில் ஒரு அம்மா இருக்கிறார். அந்தப் பிராணிகளை அவர்தான் வைத்துப் பார்க்கிறார். பழம் ஊட்டினவன் யார் என்று பார்க்க வந்தாராம். சிஸ்டர்தான் அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொன்னார். அந்த அம்மா கையில் படம் கொண்டு வந்திருந்தார். நான் எல்லாம் ஒரே சாதி என்று நினைத்திருந்தேன். இந்தக் கண்டம் முழுக்க இதில் பல வகையாம். பூனை அளவுக்குப் பெரியது ஒன்று, அதுதான் பிள்ளை மாதிரி கத்துவது. வறண்ட காட்டில் கருவேலம் பிசினைச் சுரண்டித் தின்று பிழைப்பது ஒன்று. ஆளைப் பார்த்து வகை சொல்ல முடியாதாம், கூப்பிடுகிற குரலைக் கேட்டுத்தான் சொல்ல முடியுமாம். கையிலும் காலிலும் தன் மூத்திரத்தையே தேய்த்துக்கொள்ளும், அப்போதுதான் கிளையில் பிடி கிடைக்கும் என்றார். நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அவைதான் பிள்ளை குட்டி.

அந்தப் பையில் என் சுண்டுவிரலைப் பிடித்ததே, அதுதான் இப்போது பிரச்சினை. ஒரு கை முந்திரிப் பருப்பு எடைகூட வராது. வால் மட்டும் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி. அந்த வகை இந்த நாட்டுக் கடலோரத்தில் விரல் விட்டு எண்ணுகிற காடுகளில்தான் மிச்சம், உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். அதுவும் காடு என்று பேர்தான், சுற்றிலும் மரம் வெட்டியும் கரி சுட்டும் துண்டு துண்டாக நிற்கிறதாம். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு அவை போக முடியாது. இதை எடுத்த துண்டிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்கிறார். எந்தத் துண்டு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும்.

"உங்கள் ஊரிலும் இதற்குச் சொந்தம் உண்டே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். காட்டை அழித்துத் தைலமரம் போட்ட பிறகு எங்கே பார்க்க, என் கல்யாண போட்டோவில் ஒன்று இருக்கிறது என்றேன். சிஸ்டர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

பையில் வந்தவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன. கட்டின நூல் வாயை அறுத்திருந்ததாம். அந்த அம்மா போகும்போது, "பெயர் சொன்னால் உங்களுக்கும் நல்லது, அதற்கும் நல்லது" என்றார்.

நீ எழுதின வக்கீல் யாரும் வரவில்லை. எனக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து போய்விட்டது. கவலைப்படாதே, குளிர் வரும்போது உன் திட்டை நினைத்துக்கொள்கிறேன். சூடாகிவிடுகிறது.

சந்தனசாமி


ஆதனக்கோட்டை,
23-4-2025

என்னங்க,

காய்ச்சல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். மாத்திரை கொடுத்தார்களா, ரத்தம் பார்த்தார்களா, எதுவும் இல்லை. பிராணிக்கு முக்கால் பக்கம், உங்களுக்கு ஒரு வரி. இருக்கட்டும், வந்ததும் வைத்துக்கொள்கிறேன். வந்தால் போதும்.

பாஸ்கா திருவிழா முடிந்தது. ஆவூரில் சேசு பாடுபடுகிற பாஸ்கு நாடகம் போட்டார்கள். என் தம்பி இந்த வருஷமும் ரோமாபுரிப் போர்வீரன். சாட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது கூட்டமெல்லாம் அழுதது. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "இந்த எடத்துல சிரிக்கிறியேம்மா?" என்றார். "அந்தச் சாட்டைக்காரன் எங்கிட்ட வக்கீல் வைக்கிறேன்னு சொல்லிருக்கான்மா" என்றேன். அவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நாடகம் முடிந்து வேஷம் கலைக்கிற இடத்துக்குப் போய்ப் பிடித்தேன். "வக்கீல் எங்கடா?" "பேசிக்கிட்டிருக்கேன்க்கா." "வக்கீல் பேரு என்ன?" "இங்கிலீஷ் பேருக்கா, ஒனக்கு வாயில வராது." என் வாயில் எது வரும் என்று அவனுக்கு அங்கேயே காட்டினேன். தகர வாளோடு ஓடிவிட்டான். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

திங்கட்கிழமை மனு நாளுக்குப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பட்டா கேட்பவர்கள், பின்னால் குடிதண்ணீர் கேட்பவர்கள். மனு எழுதிக் கொடுக்கிறவர், "என்ன விஷயமா?" என்றார். வாய் தவறி, "புஷ்பா பேபி கேஸுங்க" என்றேன். "புகார் அந்தம்மா மேலயா?" என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார். நான் தேவாங்கு என்றேன், ஆப்பிரிக்கா என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "காலைல சாப்ட்டீங்களாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், மேலே அனுப்புவார்களாம். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்கு வழி தெரியவில்லை. பஸ்ஸுக்கு வழி தெரியும். அதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. யாரையாவது கேலி செய்யலாம் என்று பார்த்தால், எதிரே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள்.

பிரின்சி என்னோடு பேசுவதில்லை. "அப்பாவா மாமாவான்னு நீ முடிவு பண்ணிட்டல்லம்மா" என்றாள். சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிடுகிறாள். இன்றைக்கு இந்தத் தாளைப் போட்டோ எடுக்க மட்டும் வருவாள்.

கொஞ்சம் பொறுங்கள் என்று எழுத வந்தேன். எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

மேரி


டாரஸ்ஸலாம்,
9-5-2025

அன்புள்ள மேரிக்கு,

காய்ச்சலோடு எழுதுகிறேன், எழுத்து உன் எழுத்து மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், மலேரியாவாம். இப்போது உட்கார முடிகிறது.

ஜூன் முதல் வாரம் தீர்ப்பு. வாய் திறக்காமல் இருந்தால் நீண்ட காலம் என்று கோர்ட்டு வக்கீல் சொல்லிவிட்டார். எத்தனை வருஷம் என்று சிஸ்டர் மாற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் திரும்பும்போது பிரின்சிக்குப் பிள்ளைகள் இருக்கும் போலிருக்கிறது.

ஒரு விஷயம் கவனமாகக் கேள். இந்தக் கடிதம் போன பிறகு நம் கடிதங்களைப் படிக்கத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கோர்ட்டு வைத்திருக்கிறது. அடுத்து நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஆங்கிலத்தில் மாறி மேசைக்குப் போகும். அதனால் கோழி, ஆடு, மழை இவற்றை மட்டும் எழுது. வேறு எதையும் எழுதாதே. உன்னிடம் சரி என்று சொன்னது சரிதான், நான் மாற மாட்டேன். அதற்காக நீ ராத்திரி உட்கார்ந்து அழ வேண்டாம். என்ன இருந்தாலும் உன் இடுப்பில் வளர்ந்தவன்.

பையில் வந்ததில் அந்தச் சின்னது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறதாம். காட்டம்மா அதன் குரலைப் பதிந்து கொண்டுவந்து போட்டுக் காட்டினார். கூப்பிடுகிறது, நிறுத்துகிறது, மறுபடி கூப்பிடுகிறது. பதில் வருகிறதா என்று கேட்கத்தான் நிறுத்துகிறதாம். காய்ச்சல்காரனுக்குப் போட்டுக் காட்டுகிற சத்தமா அது?

பிரின்சியைத் திட்டாதே. அவள் என் பக்கம் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். எனக்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

சந்தனசாமி


ஆதனக்கோட்டை,
20-5-2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கும், இதை முதலில் படிக்கப்போகிற தமிழ் தெரிந்தவருக்கும்,

நீங்கள் ஐயாவா அம்மாவா தெரியாது. வணக்கம். என் எழுத்தில் பிழை இருக்கும், நாலாம் வகுப்புதான். புரியாவிட்டால் இரண்டு தடவை படியுங்கள். மேலே சொன்ன என் வீட்டுக்காரர் என்னைக் கோழி, ஆடு பற்றி எழுதச் சொன்னார். எங்களிடம் ஆடு இல்லை. இருந்த கோழியை முந்தாநாள் அடித்துக் குழம்பு வைத்தேன். யாருக்கு என்று சொல்கிறேன்.

ஏங்க, போன வாரம் மணிமேகலை கொட்டகைக்கு ஓடி வந்தாள். கையில் புது பாஸ்போர்ட். போட்டோவில் முழிக்கிறாள், நீங்கள் பரவாயில்லை. "அக்கா, எனக்கும் ஒங்க வீட்டுக்காரரு இருந்த ஊருக்கே வேலை. முந்திரி தரம் பிரிக்கிறது. ஒங்க தம்பிதான் ஏற்பாடு பண்ணாரு. சீசன் முடிஞ்சு வாரப்ப ஒரு பை மட்டும் கொண்டாரணுமாம்" என்றாள். பையில் என்னடி என்றேன். "பொம்மையாம்க்கா."

எனக்குக் கையிலிருந்த சட்டி கீழே விழவில்லை. இறக்கி வைத்தேன். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருப்பவள். அவளிடம் நான் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "நான் போறது ஒங்களுக்குப் பொறாமையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வலித்தது அதனால் இல்லை. நான் உங்களிடம் பொறுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் இந்த வேலைதான் பார்த்திருக்கிறான்.

அன்றைக்கே அவனுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன், அக்காவுக்குக் கோபம் போய்விட்டது, கோழிக்குழம்பு சாப்பிட வா என்று. வந்தான். நான் அழவில்லை, திட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். கேலி செய்தேன்.

"ஏண்டா, ஆவூர்க் கொளத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னே ஒனக்குத் தெரியாது. ஒனக்கு ஆப்பிரிக்காவுல காடாம், வேட்டையாம்! எவனோ குடுக்குறான், நீ கூலிக்குக் கை மாத்துற. ஓம் பேச்சையெல்லாம் அங்கிட்டு எவன் மதிக்கப் போறான்?"

"யாருக்குத் தெரியாது? எனக்கா?" என்றான், வாயில் கோழிக்காலோடு. "முந்திரி வாங்கப் போனப்ப நானே அந்தக் காட்டு மேட்டுல ஏறிப் பாத்துருக்கேன்க்கா. அங்க ஆளு வச்சதே நான்தான்."

"போடா. ரோமாபுரிக்கும் நீதான் போயிட்டு வந்தேன்னு சொல்லுவ."

அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அவனைச் சீண்டினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். இப்போது படிக்கிறவர் இதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த குடோனிலிருந்து மேற்கே லாரி ஏறுகிற மேடு. செங்கல் கோவில் ஒன்று வரும். அதைத் தாண்டி மரம் அறுக்கிற பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு வடக்கே உள்ள காட்டுத் துண்டு. அங்கே பட்டறைக் காவல்காரன்தான் கண்ணி வைக்கிறான். அந்தச் சின்னப் பிராணி அந்தத் துண்டில் பிடித்ததுதான். காட்டு இலாகா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் தாள் போய்ச் சேருகிறவரை அது உயிரோடு இருந்தால் சரி. செத்திருந்தால், அங்கே மிச்சம் இருப்பவற்றையாவது காப்பாற்றட்டும்.

அவனுக்கு இரண்டாவது தடவை சோறு வைத்தேன். "கோவம் போயிருச்சுல்லக்கா?" என்று கேட்டான். குழம்பு ஊற்றினேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, சின்னப் பிள்ளையில் செய்வது மாதிரி என் முந்தானையில் துடைத்துக்கொண்டு போனான். அந்தச் சேலையை நான் இன்னும் துவைக்கவில்லை.

ஏங்க, நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. நீங்கள் வாய் திறக்கவில்லை என்று அந்தக் கோர்ட்டுக்குத் தெரியட்டும். நான் அக்கா, நான் திறக்கிறேன். இதனால் நீங்கள் சீக்கிரம் வருவீர்களா, வரவே மாட்டீர்களா எனக்குத் தெரியாது. ஒருவேளை என்னையும் பிடிப்பார்கள். எது நடந்தாலும் ஆவூரில் இனி எனக்கு ஒரு வாசல் கிடையாது. பிரின்சி கல்யாணத்துக்குத் தாய்மாமன் நாற்காலி காலியாக இருக்கும். அவளிடம் இதைப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள்.

படிக்கிறவருக்கு: பை கொடுத்து அனுப்பச் சொன்னவன் பேர் ஜெரால்டு. தகப்பன் பேர் சவரிமுத்து. மேலத்தெரு, ஆவூர், விராலிமலை தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம். வயது முப்பத்தொன்பது. பேரில் இரண்டாவது எழுத்து சரியாக விழவில்லை, அது 'ரா'. தப்பாகப் படித்து வேறு யாரையும் பிடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஜெரால்டின் அக்கா
அடைக்கலமேரி